பிறபொருளெதிரி

பதினெட்டு மாதம்
தண்ணீரைத்தான் குத்திக்கொண்டிருந்தோம்.

டாக்டர் குவெக் அப்படிச் சொல்லவில்லை.
ரத்த அறிக்கையை என் பக்கம் திருப்பிவைத்து
ஓர் எண்ணின் கீழே பேனாவால் கோடிட்டார்.
மருந்து உள்ளே போகிறது, வேலை செய்யவில்லை,
உங்கள் உடம்பு அதற்கெதிராக
ஆன்டிபாடி செய்துவைத்திருக்கிறது என்றார்.
பக்கத்தில் குணாளன் தலையாட்டினான்,
புரியாதபோது ஆட்டும் அதே ஆட்டல்.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்.
கேட்டதும் நாக்கு தானாகத் திரும்பும்.
பிறபொருளெதிரி, என்றேன் அவனிடம்.
பிற. பொருள். எதிரி.
மூன்றாய் உடைத்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.
எனக்குத்தான் புரியாமல் போனது.

என் நரம்பின் உறையையே
அந்நியன் என்று கடித்துக் குதறிய உடம்பு இது.
இடது கண்ணை மூன்று வாரம் சாம்பலாக்கியது.
தோ பாயோ லோரோங் எட்டில்
பேருந்து நிறுத்தத்திலிருந்து புளோக் வரைக்கும்
வெக்கையில் கால்கள் ஈரமணல் மூட்டையாக
கூரைபோட்ட நடைபாதையின் தூண் ஒவ்வொன்றையும்
பிடித்துப் பிடித்து வந்திருக்கிறேன்.
தன் வீட்டு ஆளையே தெரியாத அந்த உடம்பு
ஆள்மாறாமல் அடையாளம் காட்டிய ஒரே அந்நியன்
மருந்து.

ஒன்றுவிட்டொரு நாள், இரவு ஒன்பதரை.
ஐஸ்பெட்டியில்
தோசைமாவுக்கும் சம்பால் புட்டிக்கும் நடுவே அதன் இடம்.
வலத்தொடை, இடத்தொடை, வயிறு,
குணாளன் நாட்காட்டியில் குறித்துவைப்பான்.
முதல் மாதங்களில் நடுநிசிக் காய்ச்சல்,
பல் கிட்டிக்கும் நடுக்கம்.
பிறகு ஒரு மாதம் காய்ச்சல் நின்றது.
உடம்பு பழகிக்கொண்டது என்று
மீன்தலைக் கறி வாங்கிவந்து கொண்டாடினோம்.
அதுதான்
மருந்தின் வாயை என் ரத்தம் பொத்திய மாதம்.

அந்த மார்ச்சில்தான், ஏழாம் எண் அறையில்,
நீதிபதி சொன்ன சொல்லுக்குத் தமிழ் வரவில்லை.
அறை முழுக்க ஏர்கான் சத்தம்.
கூண்டில் நின்ற புதுக்கோட்டைப் பையன்
மெதுவாக எடுத்துக்கொடுத்தான்:
"ஜாமீனாக்கா?"
பிணை. பன்னிரண்டு வருடம் தினம் சொன்ன சொல்.
மறதி எனக்குத்தான்,
என் ரத்தத்துக்கு இல்லை.
ஒருமுறை பார்த்த மூலக்கூறை
மடிப்பு மடிப்பாக எழுதிவைத்துக்கொள்கிறது.

அப்படி எழுதுகிற அணுக்களையே
குறைத்துவிடுகிற மருந்து இருக்கிறதாம்.
நொவினாவில், ஜன்னலோர நாற்காலியில்,
சொட்டுச் சொட்டாக, ஒரு பகல் முழுதும்.
இதையும் பிற என்று கண்டுபிடித்துவிட்டால்?
தாதி ஹிதாயா குழாயின் வேகத்தைக் குறைத்தபடி
பெலான் பெலான், கா, என்றார்.
கேட்டதற்கு அது பதில் இல்லை.
ஆனாலும் தோள் இறங்கியது.

ஊசி போய்விட்டது.
மஞ்சள் டப்பாவையும் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று.
இன்னும் ஒன்பதரைக்குக் குணாளன் எழுந்துபோய்
ஐஸ்பெட்டியைத் திறக்கிறான்.
அந்த வெளிச்சத்தில் கொஞ்சநேரம் நிற்கிறான்.
பிறகு, எதையாவது எடுக்கவேண்டுமே என்று,
ஒரு கலமான்சியோடு திரும்புகிறான்.

ஆறாம் மாத அறிக்கை நேற்று வந்தது.
புதிய மருந்துக்கெதிரான பிறபொருளெதிரி:
கண்டறியப்படவில்லை.
கண்டறியப்படாதது வேறு, இல்லாதது வேறு.
அந்த இடைவெளிக்காகத்தான் எனக்குச் சம்பளம்.
சத்தியப்பிரமாணத்தின் கீழ் நான்
ஒரு சொல்லைக்கூட மாற்றிவைத்ததில்லை.

அறிக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
"அப்போ, இல்லைதானே?" என்றான் குணாளன்.

இல்லை, என்றேன்.